மேஜைக்கு அந்தப் பக்கம்

ஜவ்வாது மலை இனிமேல் படிக்கும் என்று கல்வி இலாகா முடிவு செய்துவிட்டது. இது மலையின் சரித்திரத்திலேயே மிக முக்கியமான முடிவு என்பதால், மலையைத் தவிர எல்லோருக்கும் முறைப்படி அறிவிக்கப்பட்டது. கலெக்டருக்கு அறிவித்தார்கள். தாசில்தாருக்கு அறிவித்தார்கள். காட்டிலாகாவுக்கும் கால்நடை இலாகாவுக்கும்கூட நகல் போனது. கால்நடைகள் தரப்பிலிருந்து ஆட்சேபணை ஏதும் வரவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருஷம், மலையெங்கும் சாமை கதிர் பிடித்து நின்ற சமயத்தில், பள்ளிகளின் டெபுடி இன்ஸ்பெக்டர் சக்கரவர்த்தி இந்த முடிவை நிறைவேற்ற மலையேறப் போவதாகச் செய்தி வந்தது.

இதில் சின்னச் சிக்கல் ஒன்று உண்டு. கரடிக்கொல்லை என்ற ஊரில் இலாகா முடிவு செய்வதற்கு முன்பே ஒரு பெண் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் அம்சவல்லி. அவளுடைய தாயார் பெயர் சின்னக்குழந்தை. தாயாருக்கு முப்பது வயதுக்கு மேலாகிவிட்டது. பெயர் வைத்தவர்கள் அவள் வளரமாட்டாள் என்று நினைத்திருக்கலாம். இரண்டு துண்டு சாமைக் கொல்லை, இரண்டு புளியமரம், ஒரு பெண். புருஷன் கிடையாது. அவன் போன கதை சுருக்கமானது. வயிற்றுவலி என்று அவனைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு அடிவாரத்துக்கும் அப்பால் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "இந்தச் சீட்டில் எழுதியிருக்கிற கதவுக்கு முன்னால் போய் உட்கார்" என்று யாரோ சொன்னார்கள். சின்னக்குழந்தை ஒரு கதவுக்கு முன்னால் போய்ப் பகல் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது துணி துவைக்கிற அறை. வேறொரு கதவுக்குப் பின்னால் அவள் புருஷன் அவளைக் கேட்டுக்கொண்டே இருந்து செத்துப்போனான்.

அதனால் அவளுக்குப் படிப்பைப் பற்றி ஒரே ஓர் அபிப்பிராயம்தான் இருந்தது: தன் மகளுக்கு எந்தக் கதவு என்று தெரியவேண்டும்.

கிளி விரட்ட ஆள் இல்லாமல் கதிரில் பாதி போனாலும் போகட்டும் என்று அவள் அம்சவல்லியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். ஊரே சிரித்தது. "பொட்டப்புள்ளய படிக்க வெச்சுட்டு, கிளிக்குத் தெவசம் பண்றா" என்றார்கள். சின்னக்குழந்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடம் என்பது ஒரு கூரைக் கொட்டகை, ஒரு மேஜை, கோபால்சாமி வாத்தியார். வாத்தியாருக்குக் கணியம்பாடிப் பக்கம். சம்சாரமும் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். மலைக்கு வந்த நாளிலிருந்து அவர் மாற்றல் கேட்டு மனுப்போட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் பாடம் நடத்தினார். அதை மறைக்கக் கூடாது. குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இருமிக்கொண்டு, 'அம்மா, ஆடு, இலை' என்று தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்தார்.

கரும்பலகை அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் வருவதாக இருந்தது. புத்தகங்கள் மட்டும் பிள்ளைக்கு ஒன்று வீதம் அனுப்பப்பட்டுவிட்டன. அவற்றில் ஒரு புத்தகத்தைத் தவிர மற்றவை அடிவாரத்து ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. மலைக்குக் கொண்டுபோனால் பிள்ளைகள் தொடுவார்கள், தொட்டால் கிழியும், கிழிந்தால் யார் பதில் சொல்வது? ஆகவே எல்லாப் புத்தகங்களையும் பெற்றுக்கொண்டதாகக் கோபால்சாமி எழுதிக் கொடுத்தார், ஒன்றைப் பெற்றுக்கொண்டார்.

அந்த ஒரு புத்தகத்தைத் தரையில் ஒரு பலகைமேல் விரித்து வைப்பார். பிள்ளைகள் நாலு பக்கமும் சுற்றி உட்காருவார்கள். புத்தகத்துக்கு நேர்ப்பக்கம் ஊர்க்கவுண்டர் மகன் ராஜாக்கண்ணுவுக்கும் அவனுடைய பங்காளிப் பிள்ளைகளுக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்தவர்கள் கோழி தானியத்தைப் பார்ப்பதுபோல் கழுத்தைச் சாய்த்துப் படித்தார்கள். எதிர்ப்பக்கம் பெண்பிள்ளைகளுக்கு. அங்கிருந்து பார்த்தால் எல்லா எழுத்தும் தலைகீழ். ஒவ்வொரு பெண்ணாகக் கொல்லைக் காவலுக்கும் தம்பி தூக்குவதற்கும் போய்விட, கடைசியில் எதிர்ப்பக்கத்தில் அம்சவல்லி ஒருத்திதான் மிஞ்சினாள்.

அவள் தலைகீழாகவே படித்தாள். எழுத்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சிலேட்டிலும் வலப்பக்கத்திலிருந்து தொடங்கித் தலைகீழாகவே எழுதினாள். எதிரே உட்கார்ந்திருந்த வாத்தியாருக்கு அது நேராகத் தெரிந்தது. சிலேட்டைத் திருப்பிப் பார்க்கிற வேலை மிச்சம் என்று அவரும் இருந்துவிட்டார்.

நேர்ப்பக்கம் உட்கார்ந்த ராஜாக்கண்ணுவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் புத்தகம் முழுவதும் மனப்பாடம்.

"அம்சவல்லிய கீழ விடுதிப் பள்ளிக்கூடத்துல சேத்துடலாம்மா" என்று ஒருநாள் கோபால்சாமியே வலிய வந்து சொன்னார். "அடுத்த வருஷம் மலைக்கு ஒரு சீட்டு தர்றாங்க. சோறு, துணி, எல்லாம் அவங்களே. இன்ஸ்பெக்டர் வந்து வாசிக்கச் சொல்லிப் பாப்பாரு. இவள வுட்டா இந்த மலையில வாசிக்கிறதுக்கு வேற யாரு கீறா?"

"நெஜமா சாரு?"

"நான் இருக்கேன்ல. இது என் பொறுப்பு."

சின்னக்குழந்தை அன்று அவருக்கு ஒரு கூடை சீத்தாப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் சக்கரவர்த்தி ஜீப்பில் பாதி வழியும், மற்றவர் தோளில் மீதி வழியுமாக வந்து சேர்ந்தார். தோரணம் கட்டியிருந்தார்கள். அவர் அதை நிமிர்ந்து பார்த்து, மாவிலை இலாகா விதிப்படி கிழக்கு நோக்கி இருக்கிறதா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு விதி இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கேட்டு வைத்தால்தான் மரியாதை.

முதலில் ராஜாக்கண்ணுவைக் கூப்பிட்டார். ராஜாக்கண்ணு புத்தகத்தை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, அணில் பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தான். விரித்திருந்த பக்கத்தில் இருந்தது யானைப் பாடம். இன்ஸ்பெக்டரும் கண்ணை மூடித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகவே குறை ஒன்றும் தெரியவில்லை. "பிரமாதம்" என்றார். சின்னக்குழந்தை வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

அடுத்து அம்சவல்லி. மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"உன் பெயர் என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டே இன்ஸ்பெக்டர் தன் முன்னால் இருந்த காகிதத்தில் ஏதோ எழுதினார். பெண் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை அவள் ஒரே ஒரு புத்தகத்தைத்தான் படித்திருந்தாள். இப்போது எதிரே புதுக் காகிதம், புது மசி, புதுச் சொற்கள். பசித்தவள் சோற்றைப் பார்த்த மாதிரி அவளுடைய வாய் தானாகவே திறந்துகொண்டது.

"'பிள்ளைகள் யாவரும் தெளிவாக வாசிக்கின்றனர். ஒவ்வொரு பிள்ளையிடமும் தனிப் புத்தகம் உள்ளது...'"

நிறுத்திவிட்டுக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்க சார் கீது?"

இன்ஸ்பெக்டர் இரண்டு கையாலும் காகிதத்தைப் பொத்தினார். பாம்பைப் பார்த்தவன்கூட அப்படி எழுந்திருக்கமாட்டான். நாற்காலி பின்னால் விழுந்தது. கோபால்சாமியைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். சின்னக்குழந்தை நின்ற இடத்துக்கு அவர் பேசியது ஒன்றுவிடாமல் கேட்டது.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்கே? மேஜைக்கு இந்தப் பக்கம் நாம. அந்தப் பக்கம் ஜனங்க. நடுவுல காகிதம், அது நம்மளைப் பார்த்துக்கிட்டு இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து இதுக்குப் பேர்தான் நிர்வாகம். அந்தப் பக்கம் நிக்கிறவன் படிச்சுட்டான்னா அப்புறம் மேஜை எதுக்குய்யா? நான் எதுக்கு?"

"தெரியாம நடந்துபோச்சு சார்."

"பிள்ளைங்க படிக்கணும்னுதான் அரசாங்கம் சொல்லுது. நான் இல்லேங்கலை. ஆனா நாம படிக்கச் சொல்றதைத்தான் படிக்கணும். கண்ணுல பட்டதையெல்லாம் படிக்கிறதுக்குப் பேர் படிப்பா? அது கெட்ட பழக்கம்!"

சின்னக்குழந்தைக்கு இதில் பாதிதான் புரிந்தது. மகள் படித்தாள் என்பது புரிந்தது. படித்துவிட்டாள் என்று ஏன் ஓர் ஆள் நடுங்குகிறான் என்பது புரியவில்லை.

இருந்தாலும் சீட்டுக்கான சோதனையை நடத்தாமல் போக முடியாது. இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து புத்தகத்தை நேராக அம்சவல்லி கையில் கொடுத்தார். அவள் திருதிருவென்று விழித்தாள். பிறகு சட்டென்று புத்தகத்தைத் திருப்பப் போனாள்.

"திருப்பாதே!" என்று ஓர் அலறல். "அட்டையில் அரசாங்க முத்திரை இருக்கிறது. கோபுரம் தலைகீழாகிவிடும். கோபுரம் தலைகீழானால் என்ன அர்த்தம் தெரியுமா?"

பெண் யோசித்தாள். "அப்போ நீங்களே புஸ்தகத்த புடிச்சுக்குங்க சார். நான் எதிர்ல நின்னுக்கிறேன்."

இதற்கு விதியில் தடை இல்லை. இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் தன் பக்கம் நேராகப் பிடித்துக்கொண்டார். எதிரே நின்று அம்சவல்லி யானைப் பாடத்தைத் தண்ணீர்போலப் படித்தாள். அடுத்து காக்கைப் பாடம். அடுத்து புத்தகத்தின் கடைசியில் பொடி எழுத்தில் இருந்த அச்சக விலாசம். சின்னக்குழந்தை கம்பத்தை விட்டுவிட்டு வாசலுக்குள் ஓர் அடி வைத்தாள். வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் சிரித்தார்; அன்றைக்கு அவர் சிரித்தது உண்மையான சிரிப்புதான்.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடினார். "நன்று. இப்போது வாசித்தது யார்?"

"நாந்தான்" என்றாள் அம்சவல்லி.

"புத்தகம் யார் கையில் இருந்தது?"

"உங்க கையில."

"புத்தகம் எவர் கையில் நேராக இருக்கிறதோ அவரே வாசிப்பவர். ஆகவே விதிப்படி இவை மூன்றையும் வாசித்தது நான். நான் தேறிவிட்டேன். இந்தப் பெண்ணைப் பற்றி விசாரணை நடக்கும்."

வெளியே லத்தீப் பாய் கழுதைகளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஒடுகத்தூரிலிருந்து உப்பும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்து, சாமையும் கடுக்காயும் வாங்கிப்போகிற வியாபாரி. அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது" என்றார். "நாங்க உருதுவ வலது பக்கத்துலேர்ந்து படிக்கிறோம். எங்க வாப்பா, அவங்க வாப்பா எல்லாரும் அப்படித்தான். எந்த கவர்மெண்டும் எங்கள புடிச்சுத் திருப்பிப் போடலீங்களே?"

"அது வேற பாஷை. அதுக்கு வேற இன்ஸ்பெக்டர்" என்றார் சக்கரவர்த்தி. "நீங்க கழுதையைப் பாருங்க."

"பாத்துகினுதானுங்க கீறேன்" என்றார் லத்தீப் பாய், எங்கே பார்க்கிறார் என்பதைச் சொல்லாமல்.

விசாரணைக்கு முன்னால் ஓர் உத்தரவு வந்தது. இனிமேல் பிள்ளைகள் புத்தகத்தைச் சுற்றி உட்காரக் கூடாது. எல்லோரும் ஒரே பக்கம், நேர்ப்பக்கம் மட்டுமே உட்கார வேண்டும். கோபால்சாமி உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார். ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக உட்கார்ந்த வரிசை கொட்டகையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, மாட்டுக் கொட்டில்வரை போனது. முதலில் உட்கார்ந்த ராஜாக்கண்ணு புத்தகத்தைப் பார்த்தான். மற்றவர்கள் ராஜாக்கண்ணுவின் பிடரியை நோக்கினார்கள். கடைசிப் பிள்ளை கொட்டிலில் கன்றுக்குட்டியோடு இருந்தது. பள்ளிக்கூடம் இவ்வளவு ஒழுங்காக இருந்ததே இல்லை என்று பார்வையிட்டவர்கள் எழுதினார்கள். எதிர்ப்பக்கத்தை உத்தரவு ரத்து செய்துவிட்டதால் அம்சவல்லிக்கு உட்கார இடமில்லை. அவள் வேலிக்கு வெளியே நின்றாள்.

"சாரு, எம் பொண்ணுக்கு சீட்டு கெடைக்குங்களா?" என்று சின்னக்குழந்தை போகும்போதும் வரும்போதும் கேட்டாள்.

"நான் சொன்னா சொன்னதுதாம்மா. விசாரணைன்னா சும்மா ஒரு சாங்கியம்."

தை மாசத்தில் விசாரணை வந்தது. சென்னையிலிருந்து வாசிப்பு நிபுணர் ஒருவரை டோலி கட்டி நாலு பேர் தூக்கி வந்தார்கள். அவருடைய பெட்டியைச் சின்னக்குழந்தை தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். மகளுக்காக வருகிற மனுஷருடைய பெட்டி. கூலி கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பெட்டிக்குள் அளவு நாடாக்களும் ஒரு காற்றுத் தலையணையும் இருந்தன.

நிபுணர் அம்சவல்லியின் மண்டையை நெடுக்காகவும் குறுக்காகவும் அளந்தார். வெளியே போய் மலைச்சரிவையும் அளந்தார். "சரிவில் பிறந்த பிள்ளைகளுக்குக் கீழே இருப்பதெல்லாம் மேலே இருப்பதுபோலத் தெரிய இடமுண்டு" என்றார். இன்ஸ்பெக்டர் உச்சுக் கொட்டி வியந்தார். இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் மேஜைமேல் ஒரு குடையை விரித்து நிறுத்தி, அதன் மறைவில்தான் எழுதினார்.

பிறகு நிபுணர் தாயாரை விசாரித்தார். "உன் பெயர்?"

"சின்னக்குழந்தைங்க சாமி."

"குழந்தையைப் பற்றி அப்புறம் கேட்கிறேன். உன் பெயர்?"

ஒரு வழியாக அது தீர்ந்தது. "இவள் பிறக்கும்போது எப்படிப் பிறந்தாள்?"

"எப்டின்னா சாமி? தல கீழாத்தான் வந்துச்சு."

நிபுணர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் குடையைத் தாண்டி எட்டிப் பார்த்தார். இருவர் முகத்திலும் ஒரே நேரத்தில் விடிந்தது.

"தலைகீழாகப் பிறந்தவள்!" என்றார் நிபுணர், தமக்குத் தாமே.

"எல்லாப் புள்ளயும் அப்டித்தானே சாமி பொறக்குது?"

"மற்றவர்களைப் பற்றி இங்கே விசாரணை இல்லை."

அப்போது அம்சவல்லி நடுவில் புகுந்து, "சாமி, ஒரே புஸ்தகம்தான் சாமி இருந்துச்சு. நான் எதிர்ப்பக்கம்..." என்று தொடங்கினாள். கோபால்சாமிக்கு இருமல் வந்தது. அவர் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக இருமியதில்லை. இருமிக்கொண்டே சின்னக்குழந்தையைப் பலாமரத்துப் பக்கம் கூட்டிப்போனார்.

"இத பாரும்மா. ஒரே புஸ்தகம்னு வெளிய வந்துச்சுன்னா எனக்கு வேலை போயிடும். எனக்குப் போனா பரவால்ல. உம் பொண்ணுக்காக யாரு பேசறது? சொல்லு. பொறவிலேர்ந்தே இப்டின்னு நீ ஒரு வார்த்த சொல்லிட்டா, ஐயோ பாவம்னு அவங்களே சீட்டு குடுத்துடுவாங்க. இன்ஸ்பெக்டரே எங்கிட்ட சொன்னாரு."

"அது பொய்யாச்சே சாரு."

"தல கீழா பொறந்துச்சுன்னு நீதானே சொன்ன? அது பொய்யா?"

சின்னக்குழந்தை யோசித்தாள். பொய்யில்லைதான்.

"நாலு வருஷமா உம் பொண்ணுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தவன் நான்" என்றார் கோபால்சாமி. "நான் கெடுப்பனா?"

அவள் உடனே மேஜையை நோக்கி நடந்தாள். அவ்வளவு நம்பினாள்.

திரும்பி வந்தபோது வாக்குமூலம் தயாராக இருந்தது. கைநாட்டு வாங்குவதற்காகக் குடையை எடுக்க வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் காகிதத்தை மேஜையில் தன் பக்கம் நேராக வைத்து, கீழ் ஓரத்தில் விரலால் இடம் காட்டினார். சின்னக்குழந்தை மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள். பக்கத்தில் அம்சவல்லி நின்றாள். ஒரு கணம் எல்லோரும் அவளை மறந்துபோனார்கள்.

"'என் மகள் அம்சவல்லி பிறவியிலேயே தலைகீழ்ப் பார்வை உடையவள் என்றும், அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்றும், இதில் பள்ளிக்கூடத்தின் குற்றம் ஏதும் இல்லை என்றும் நான் மனமார...'"

தனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை அந்தப் பெண் தங்குதடையில்லாமல் வாசித்தாள். இன்ஸ்பெக்டர், நிபுணர், வாத்தியார், வாசலில் நின்ற ஊர்க்கவுண்டர் என்று அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"யம்மா, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதிக்கீறாங்க. வெக்காதம்மா."

சின்னக்குழந்தை இதுவரை எத்தனையோ காகிதங்களில் கட்டைவிரலை உருட்டியிருக்கிறாள். எதில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. வாழ்நாளிலேயே முதல் தடவையாக, எழுதியிருப்பது இன்னதென்று தெரிந்து ஒரு காகிதத்தின் முன்னால் நின்றாள். அவள் காத்திருந்த நாள் இதுதான். அவள் நிமிர்ந்து மகளைப் பார்க்கவில்லை, கோபால்சாமியைப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையசைத்தார்.

அவள் கட்டைவிரலை மசியில் ஒற்றிக் காகிதத்தில் வைத்தாள்.

"யம்மா" என்றாள் அம்சவல்லி. அவ்வளவுதான் சொன்னாள்.

சித்திரையில் பெரிய விழா. கரடிக்கொல்லை முன்மாதிரிப் பள்ளியாக அறிவிக்கப்பட்டது. சக்கரவர்த்தி மைக் இல்லாமலே மலை அதிரப் பேசினார்.

"பெரியோர்களே! இந்தப் பள்ளியில் ஒரு புத்தகம்கூடக் கிழியவில்லை என்பதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன். ஏனென்றால் எங்கள் அலமாரிகள் அவ்வளவு உறுதியானவை! சிலர் கேட்கிறார்கள், பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரிகிறதா என்று. நான் கேட்கிறேன், எழுத்துக்குப் பிள்ளைகளைத் தெரிய வேண்டிய அவசியம் என்ன? நமக்கு வேண்டியது ஒழுங்கு. வரிசையைப் பாருங்கள்! கடைசிப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று இங்கிருந்து கண்ணுக்கே தெரியவில்லை. இதுதான் கல்வியின் வளர்ச்சி!"

ஊர்க்கவுண்டர் கைதட்டினார், ஆகவே ஊர் கைதட்டியது. நிபுணர் எழுதிய ஆராய்ச்சிக்கு மேலிடத்தில் பாராட்டு வந்திருப்பதாகவும், இனி அச்சாகும் எல்லாப் பாடப் புத்தகங்களின் அட்டையிலும் எது மேல்பக்கம் என்று காட்ட ஓர் அம்புக்குறி போடப்படும் என்றும் இன்ஸ்பெக்டர் அறிவித்தார். பிறகு விடுதிப் பள்ளிக்கான சீட்டு. ராஜாக்கண்ணு மேடையேறி, புத்தகத்தைத் திறக்காமலே அணில் பாடத்தை வாசித்துக் காட்டினான். முத்திரை கடைசிவரை நேராகவே இருந்தது. சீட்டு அவனுக்குக் கிடைத்தது.

சின்னக்குழந்தை கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடை ஓரத்துக்கு வந்தாள். புதுச் சீலை உடுத்தியிருந்தாள். மகளுக்கும் எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, கொண்டுபோவதற்குத் துணிமூட்டையும் கட்டி வைத்திருந்தாள்.

"சாமி, எம் பொண்ணுக்கு?"

"எந்தப் பெண்?"

"அம்சவல்லிங்க. பொறவிலேர்ந்தே அப்டின்னு எழுதிக் குடுத்தா, பாவம் பாத்து..."

"பார்வைக் கோளாறு உள்ளவர்களை விடுதியில் சேர்க்க விதியில்லை அம்மா. மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொண்டால்? நீயே கைநாட்டு வைத்துக் கொடுத்திருக்கிறாய். பெற்ற தாய் சொன்ன பிறகு நாங்கள் எதிர்த்துப் பேசலாமா? இலாகா தாய்மையை மதிக்கிறது."

இதற்கும் கைதட்டினார்கள்.

கோபால்சாமி அன்று மேடையில்தான் இருந்தார். கழுத்தில் மாலை. நல்லாசிரியர் என்று ஒரு பட்டுத்துணி. மாலையில் ஒரு பூ கழன்றுவிட்டதுபோல அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். விழா முடிந்து ஒரு வாரத்தில் அவருக்கு மாற்றல் வந்தது, கணியம்பாடிப் பக்கமே.

அவர் படுக்கையைச் சுருட்டி லத்தீப் பாயின் கழுதைமேல் கட்டிக்கொண்டு இறங்கும்போது சின்னக்குழந்தை வழியில் நின்றாள். திட்ட வந்தவள்போல இல்லை. புரிந்துகொள்ள வந்தவள்போல இருந்தாள்.

"இன்னா சாரு இப்டி பண்ணிட்டீங்க?"

"நான் இன்னாம்மா பண்ணட்டும்? மேலிடத்து முடிவு."

"உங்க பொறுப்புன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். யாரு இல்லேன்னா? நானும் புள்ளகுட்டிக்காரன். ஆறு வருஷமா எம் புள்ளைங்க மூஞ்சியப் பாக்கல." பிறகு, இதையும் சொல்லிவிட்டால் இறங்குவது சுலபமாக இருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும். "உம் பொண்ணு படிச்சுக் காட்டுச்சில்ல? வெக்காதன்னு சொல்லுச்சில்ல? கைநாட்டு வெச்சது நீதானேம்மா."

கழுதை நடந்தது. லத்தீப் பாய் கொஞ்ச தூரம் கூடவே போனார். பிறகு கழுதையின் கயிற்றை வாத்தியார் கையில் கொடுத்தார். "நீங்களே புடிங்க சார். எனக்கு இன்னிக்குக் கை ஓயுது" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிட்டார்.

அம்சவல்லி அம்மாவோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சின்னக்குழந்தைக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கூப்பிட்டால் வந்தாள், சொன்ன வேலையைச் செய்தாள், போட்டதைத் தின்றாள். ஒருநாள் வெல்லம் கட்டி வந்த காகிதத்தைச் சின்னக்குழந்தை நீவி, எது நேர், எது தலைகீழ் என்று தெரியாமல் இப்படியும் அப்படியும் திருப்பி, மகள் முன்னால் நீட்டினாள்.

"இதுல இன்னாடி போட்டுக்கீது?"

பெண் அதைப் பார்த்தாள். "எனக்குப் பொறவிக் கோளாறு" என்றாள். காகிதத்தை அடுப்பில் போட்டாள்.

அடுத்த மாசியில் ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஒருவர் மலைக்கு வந்தார். இளவயது, நல்ல சுபாவம். ஒவ்வொரு வீட்டிலும் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டு வந்தார். சின்னக்குழந்தை வீட்டு முன்னால் ஒரு கல்மேல் உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்து, அதன்மேல் தாளை விரித்தார். அம்சவல்லி சொம்போடு எதிரே நின்றாள்.

"வூட்டுல எத்தினி பேரும்மா?"

"ரெண்டு பேருங்க."

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

சின்னக்குழந்தை மகளைப் பார்த்தாள். மகள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்கள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக, வரி வரியாக நகர்ந்தன. அதைப் பார்த்ததும் சின்னக்குழந்தை வந்தவர் பக்கம் திரும்பினாள்.

"கீறாங்க" என்றாள். "எம் பொண்ணு படிப்பாங்க. நல்லா படிப்பா."

கணக்கெடுக்க வந்தவர் சந்தோஷமாக நிமிர்ந்தார். "அப்படியா பாப்பா? படிப்பியா?"

"இல்லீங்க" என்றாள் அம்சவல்லி. "எங்கம்மாவுக்குத் தெரியாது. எனக்குப் படிக்க வராது."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார். அம்சவல்லி அதைப் பார்த்துவிட்டு, காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.